பான்டிங்கின் பத்தியம்

19ஆம் நூற்றாண்டு லண்டனில் அரச குடும்பத்தின் இறுதிச் சடங்குகளுக்கு ஏற்பாடு செய்துவந்த வில்லியம் பான்டிங், தம் பருமனைக் குறித்து எழுந்த ஏளனத்துக்கு அஞ்சிப் பொதுவண்டிகளையும் கூட்டங்களையும் இயன்றவரை தவிர்த்துவந்தவர். செவிக் குறைபாட்டுக்காக 1862இல் அவர் நாடிய மருத்துவர் வில்லியம் ஹார்வி, ரொட்டி, சர்க்கரை, பால், பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விலக்கி, இறைச்சிக்கும் மீனுக்கும் முதலிடம் தந்த பத்தியத்தை, அதாவது மாவுச்சத்தைக் குறைக்கும் உணவுமுறையை விதித்தார். ஏறத்தாழ ஓராண்டில் 202 பவுண்டு எடை 156 ஆனது. 1863இல் பான்டிங் இதைப் பற்றி எழுதி, தம் செலவில் அச்சிட்டு இலவசமாக வழங்கிய சிறுநூல் பெரும் வரவேற்பைப் பெற்றபோதும், மருத்துவம் பயிலாதவரின் துணிச்சல் என மருத்துவர்கள் அதைக் கண்டித்தனர். இதழ்களும் கேலி செய்தன. பருத்தவரை நகைத்த சமூகம் மெலிந்தவரையும் விட்டுவைக்கவில்லை. ஆயினும் பத்தியத்தில் ஒயினுக்கு இடமிருந்ததால், விருந்து மேசையில் அவர் முற்றிலும் விலகி நிற்க நேரவில்லை.