சிரிக்க வைப்பதே சிரமம்!



எதிரணி அம்மா சொன்னாங்க, ரசிகனை அழ வைக்கிறதுதான் கஷ்டம்னு. நான் ரஞ்சன்குடிக்காரன் அம்மா! 1751-இல் சந்தா சாகிப்பும் முகமது அலியும் மோதிய வாலிகண்டபுரம் போரைப் பார்த்தது எங்க ஊர்க் கோட்டை. அழ வைக்க ஒரு பீரங்கி போதும்! (சிரிப்பு)

சின்ன வயசிலே எங்க ஊர்க் கூத்துல பார்த்திருக்கேன். ராஜா வேஷக்காரர் வந்து நின்னாலே மரியாதை. கட்டியங்காரனுக்கு அது கிடையாது. தூங்குறவனை எழுப்பணும், கதையையும் நகர்த்தணும். தாயைப் பறிகொடுத்த அதே மாசம் ஒருத்தர் வேஷம் கட்டினார். திரைக்குப் பின்னால கண்ணைத் துடைச்சதுல அரிதாரம் கலைஞ்சுபோச்சு. திரும்பப் பூசிக்கிட்டு வந்து சிரிக்க வச்சார்.

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனை எடுத்துக்குங்க. நாகர்கோவில்ல 1908-இல் பிறந்தவர். நாடகக் கொட்டகையில் சோடா விற்ற பையன். புகழின் உச்சியில் இருந்தபோது, 1944-இல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதானார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்கு, 1947-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் விடுதலையாக முடிந்தது.

சிறையிலிருந்து வந்தவர் தன் சோகத்தைச் சொல்லி நம்மை அழ வச்சிருக்கலாம். செய்யலையே! 1949-இல் 'நல்லதம்பி' எடுத்தார். சிரிக்க வச்சுக்கிட்டே, குடி குடியைக் கெடுக்கும்னு புரிய வச்சார். (கைதட்டல்)

அழுறதுக்கு நம்ம வீட்டிலேயே ஆயிரம் காரணம் இருக்கு. சிரிக்கத்தான் ஐயா, இன்னொரு மனுஷன் வேணும்!