புழல் ஏரியில் இறங்கிய விமானங்கள்

எங்கள் திருநின்றவூரில் புழல் ஏரி என்றால் ரெட்ஹில்ஸ் பக்கம் போகும்போது தெரிகிற ஒரு கரை, சென்னையின் குடிநீர், அவ்வளவுதான். இரண்டாம் உலகப்போரில் அது பிரிட்டிஷ் விமானப்படைத் தளம் என்று சொன்னால், ஆபீஸ் நண்பர்கள் 'ரன்வே எங்கடா இருந்துச்சு?' என்கிறார்கள். தண்ணீர்தான் ரன்வே.

1942 நடுவில் 240-ஆம் ஸ்குவாட்ரன் இங்கே வந்தது. அதன் கேட்டலினா விமானங்கள் படகு மாதிரி வயிற்றால் நீரில் இறங்குபவை. இறக்கை 104 அடி, இரண்டு எஞ்சின், வேகம் மணிக்கு சுமார் 200 கிலோமீட்டர். சண்டைக்கு லாயக்கில்லாத வேகம். ஆனால் இருபது மணி நேரம்கூட இறங்காமல் பறக்கும். பின்பக்கம் கொப்புளம் போல இரண்டு கண்ணாடிக் கூண்டுகள். அதில் உட்கார்ந்து ஒருவர் கடலைப் பார்த்துக்கொண்டே வரவேண்டும். வேலையே அதுதான். மெரினா அலையில் இதை இறக்கினால் நொறுங்கிவிடும். ஏரியில் அலையும் இல்லை, உலோகத்தை அரிக்கும் உப்பும் இல்லை.

பார்ப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதை அந்த வருடம் ஏப்ரல் காட்டியிருந்தது. 4-ஆம் தேதி இலங்கையின் கொக்கலையிலிருந்து கிளம்பிய ஒரு கேட்டலினா, ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டது. விமானி லெனார்ட் பர்ச்சால், கனடாக்காரர். ரேடியோவில் செய்தி போய்க்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தினார்கள். ஒன்பது பேரில் மூவர் இறந்தார்கள், மற்றவர்கள் கைதிகள். மறுநாள் குண்டு விழுமுன் கொழும்புக்குத் தகவல் இருந்தது.

6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. மதராஸ் அரண்டது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மூட்டை கட்டின, ஜனங்கள் ரயிலேறி ஓடினார்கள், மிருகக்காட்சி சாலையில் கூண்டுக்குள் இருந்த சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். ஆனால் 9-ஆம் தேதி திருகோணமலையைத் தாக்கிவிட்டு அந்தக் கப்பற்படை கிழக்கே திரும்பிவிட்டது. நகரம் காலியானது வராத எதிரிக்காக. எதிரி எங்கே என்று தெரியாததன் விலை அது. அந்தப் புலிகளைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

புழல் விமானங்களுக்கு பர்ச்சால் கதை மாதிரி ஒன்று அமையவில்லை. பல மணி நேரம் கடல், திரும்பி வந்தால் 'ஒன்றும் தென்படவில்லை' என்று ஒரு வரி. ராத்திரி சர்வர் மானிட்டரிங் பார்த்தவர்களுக்கு இது புரியும். அலர்ட் வராத ராத்திரியை யாரும் கேட்பதில்லை. பிற்பாடு சில கேட்டலினாக்கள் பர்மா, மலேயா கரைகளில் இருட்டில் ரகசிய ஆட்களை இறக்கின. அது ரகசியம் என்பதால் அதற்கும் பேச்சில்லை.

1945 ஜூலையில் ஸ்குவாட்ரனைக் கலைத்து, அதே எண்ணில் சண்டர்லேண்ட் விமானங்களோடு மறுபடி அமைத்தார்கள். 1946-இல் அவையும் ஏரியை விட்டுக் கிளம்பின, கொக்கலைக்கு.