கானிங் மந்தைப் பாதை: ஒரு பாலைவனப் பயணத் திட்டத்தின் வரலாறு

மேற்கு அவுஸ்திரேலியாவின் உட்பகுதியில், விலூனா என்னும் சிற்றூரிலிருந்து வடகிழக்கே ஹோல்ஸ் கிறீக் வரை ஏறத்தாழ 1850 கிலோமீற்றர் நீளமான மண்பாதையொன்று செல்கின்றது. நமது தீவின் நீளத்தைப் போல நான்கு மடங்கிலும் கூடிய தூரம் இதுவாகும். மணற் பாலைவனங்களையும் நூற்றுக்கணக்கான மணற்குன்றுகளையும் கடந்து செல்லும் இப்பாதையிற் பட்டினங்கள் எவையும் இல்லை. கானிங் மந்தைப் பாதை என வழங்கும் இது, உலகின் மிகத் தனிமையான வாகனத் தடங்களுள் ஒன்றாக இன்று கருதப்படுகின்றது. நான்கு சில்லுகளும் இயங்கும் ஜீப் வண்டிகளில் ஆண்டுதோறும் பலர் இதனைக் கடக்க முயல்கின்றனர்.

அத்தகைய பயணமொன்றிற்குத் திட்டமிடுவோர் முதலிற் செய்வது கணக்கிடுதலேயாகும். கோடை வெப்பத்தைத் தவிர்த்து மே மாதத்திற்கும் செப்டெம்பர் மாதத்திற்கும் இடைப்பட்ட காலத்தைத் தெரிவு செய்தல் வேண்டும். பயணம் இரண்டு அல்லது மூன்று வாரங்கள் நீடிக்கும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர் நீர் எனக் கொள்வோமாயின், மூவர் இருபது நாட் செல்வதற்கு 300 லீற்றர் நீர் தேவைப்படும்; அதன் நிறை 300 கிலோகிராம் ஆகும். மணலில் 100 கிலோமீற்றருக்கு 20 லீற்றர் டீசல் செலவாகுமெனின், 1000 கிலோமீற்றருக்கு 200 லீற்றர் வேண்டும். நிறை கூடக்கூட எரிபொருட் செலவு கூடும். எரிபொருள் கூடினால் நிறையும் கூடும். இவ்விரண்டுக்குமிடையே சமநிலை காண்பதே திட்டமிடுவோனின் திறமையாகும். இவற்றோடு மேலதிகச் சில்லுகள், செய்மதித் தொலைபேசி, எதிரே வரும் வண்டிக்குக் குன்றின் மறுபுறத்திலிருந்தே தெரியக்கூடிய உயர்ந்த கொடி ஆகியனவும் இன்றியமையாதவை. மணலில் ஏறுமுன் சில்லுகளின் காற்றழுத்தத்தைக் குறைத்தலும் வேண்டும்.

இக்கணக்கு முழுவதும் ஒரே கேள்வியிலிருந்து பிறக்கின்றது. நீர் எங்கே உள்ளது என்பதே அக்கேள்வி. இப்பாதையை முதன்முதல் வகுத்தவர்களையும் அதே கேள்வியே எதிர்கொண்டது. அதற்கு அவர்கள் எவ்வாறு விடை கண்டனர், அவ்விடைக்கான விலையை யார் செலுத்தினர் என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மேற்கு அவுஸ்திரேலியாவின் தென்பகுதியில் பொன்வயல்கள் பெருகின. அங்கு திரண்ட மக்களுக்கு இறைச்சி தேவைப்பட்டது. வடக்கே கிம்பர்லிப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியில் மாடுகள் ஏராளமாக இருந்தன. ஆயினும் உண்ணிகளாற் பரவும் காய்ச்சல் நோய் காரணமாக அம்மாடுகளைக் கப்பலில் தெற்கே கொண்டுசெல்லல் தடைசெய்யப்பட்டிருந்தது. இதனால் மேற்குக் கிம்பர்லிப் பண்ணையாளர் சந்தையில் ஏகபோகம் செலுத்தினர். பாலைவனத்தின் வறட்சியில் உண்ணிகள் மடிந்துவிடும்; ஆகவே மாடுகளை நடத்தியே கொண்டு செல்லலாம் என்னும் யோசனை 1905ஆம் ஆண்டளவில் முன்வைக்கப்பட்டது. பாதை பிறப்பதற்குக் காரணம் நாடுகாணும் ஆர்வம் அன்று. இறைச்சியின் விலையே என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இத்திட்டம் எளிதானதாகத் தோன்றவில்லை. 1896ஆம் ஆண்டில் இப்பாலைவனத்திற் புகுந்த கல்வேட் ஆய்வுப் பயணக் குழுவினருள் இருவர் மாண்டனர். அதே ஆண்டிற் புறப்பட்ட டேவிட் கார்னகி பாலைவனத்தைக் கடந்தாராயினும், மந்தைகளுக்கு அது உகந்த வழியன்று என்றே முடிவு செய்தார். அவர் நீரைக் கண்டறிந்த முறை குறிப்பிடத்தக்கது. பழங்குடி மக்களைப் பிடித்துக் கட்டி, உப்பிட்ட இறைச்சியை உண்ணக் கொடுத்து, தாகத்தால் அவர்கள் தம் நீர்நிலைகளை நாடிச் செல்லும்படி செய்ததை அவரே தமது நூலில் எழுதியுள்ளார்.

முயல் தடுப்பு வேலியின் நில அளவைப் பணியில் அனுபவம் பெற்றிருந்த அல்பிரட் கானிங் என்னும் அளவையாளரிடம் புதிய பாதையைக் காணும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. 1906ஆம் ஆண்டு எண்மர் கொண்ட குழு 23 ஒட்டகங்களுடனும் இரு குதிரைகளுடனும் விலூனாவிலிருந்து புறப்பட்டது. அக்குழுவின் பொதிகளிற் கழுத்துச் சங்கிலிகளும் கைவிலங்குகளும் இருந்தன. நீர்நிலைகளை அறிந்த பழங்குடியினரைப் பிடித்து, இரவில் ஓடிவிடாதவாறு சங்கிலியிட்டு, அவர்களையே வழிகாட்டிகளாக்குவது பயணத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. 1907இல் குழுவினருள் ஒருவரான மைக்கல் டோபின் பழங்குடியினர் ஒருவரின் ஈட்டிக்கு இரையானார். ஈட்டி எறிந்தவரும் டோபினின் துப்பாக்கியால் இறந்தார். டோபினின் கல்லறை 40ஆம் இலக்கக் கிணற்றருகே இன்றும் உள்ளது.

குழு திரும்பியபின் அதன் சமையற்காரரான எட்வேட் பிளேக், பழங்குடியினர் நடத்தப்பட்ட முறை குறித்து வெளிப்படையாகக் குற்றஞ் சாட்டினார். 1908இல் றோயல் ஆணைக்குழுவொன்று நியமிக்கப்பட்டது. சங்கிலி பயன்படுத்தியதைக் கானிங் மறுக்கவில்லை. அது இன்றிப் பயணம் இயலாது என்பதே அவரது வாதமாகும். ஆணைக்குழு அவரையும் குழுவினரையும் குற்றத்திலிருந்து விடுவித்தது. சங்கிலியிற் கட்டுண்டவர்களுள் ஒருவரேனும் சாட்சியாக அழைக்கப்படவில்லை. அரசாங்க ஆவணங்களை ஆதாரமாகக் கொண்டு வரலாறு எழுதக் கற்கும் நம்போன்ற மாணவர் ஊன்றி நோக்க வேண்டிய இடம் இதுவாகும். ஆவணம் கிடைக்கின்றது, சாட்சியம் அச்சிலும் உள்ளது, எனினும் வழக்கின் ஒரு தரப்பு அதில் இல்லவே இல்லை. இருப்பதை வாசிப்பது போலவே, இல்லாததையும் வாசித்தல் வரலாற்று மாணவனின் கடமையாகின்றது.

ஆணைக்குழுவின் தீர்ப்பு கிடைத்ததும் 1908இலேயே கிணறு வெட்டும் பணி ஆரம்பமாயிற்று, 1910இல் நிறைவெய்தியது. ஒரு நீர்நிலையிலிருந்து அடுத்ததற்கு மந்தை ஒரு நாளில் நடந்து சென்றடையவேண்டும் என்பதே அடிப்படை விதியாகும். இன்று 1 முதல் 51 வரை இலக்கமிடப்பட்டுள்ள நீர்நிலைகளுட் பெரும்பாலானவை பழங்குடியினர் முன்னரே அறிந்து பேணிய ஊற்றுகளின் மீதோ அவற்றின் அருகிலோ அமைந்தவை. கையாற் தோண்டி நீர் அள்ளிய ஊற்று, மரச்சட்டங்கள் இட்ட ஆழ்கிணறாக மாறியது. அதன் பாரிய வாளியை மேலே இழுப்பதற்குப் பல ஆடவரின் வலிமையோ ஒட்டகமோ வேண்டியிருந்தது. பரம்பரை பரம்பரையாக அருந்திய நீர், அதன் உரிமையாளருக்கே எட்டாததாயிற்று. நீரெடுக்க முயன்ற சிலர் கிணற்றுள் வீழ்ந்தனர். சிலர் கைபிடி சுழன்று தாக்க எலும்பு முறிந்தனர். அதன் விளைவாகக் கிணறுகள் பல சேதமாக்கப்பட்டன. இதனை நாசவேலை என அக்கால அதிகாரிகள் எழுதினர். தாகங் கொண்டவர் தம் நீரை மீட்க எடுத்த முயற்சியாகவும் இதனைக் கொள்ளலாம்.

1911இல் மந்தையோட்டிகளான தொம்சன், சூஸ்மித் என்னும் இருவரும் அவர்களுடன் சென்ற பழங்குடித் தொழிலாளர் ஒருவரும் 37ஆம் இலக்கக் கிணற்றில் கொல்லப்பட்டனர். அதற்குப் பதிலடியாகச் சென்ற பொலிஸ் குழு பத்துப் பேரையேனும் கொன்றது. இத்தனை இழப்புகளின் பின்னர் பொருளாதாரப் பயன் யாது என நோக்கின், 1911க்கும் 1931க்கும் இடையில் எட்டு மந்தைகளே இவ்வழி சென்றன. 1929இல் பாதையைத் திருத்தச் சென்ற வில்லியம் சினெல், பழங்குடியினரும் இடரின்றி நீர் எடுக்கத்தக்கதாகக் கிணறுகளில் ஏணிகளைப் பொருத்தத் தொடங்கினார். தவறு எங்குள்ளது என்பதைச் செயலால் ஏற்றுக்கொண்ட முதல் மனிதர் இவரெனலாம். அவர் விட்ட பணியை எழுபது வயதைக் கடந்த கானிங்கே 1931இல் முடித்தார். இறுதி மந்தை 1959இற் சென்றது.

கால்நடைகளின் காலம் முடிய வாகனங்களின் காலம் பிறந்தது. 1968இல் வென்ஹோல்ஸ், சட்லி, கீலி என்னும் மூன்று நில அளவையாளர் இப்பாதை முழுவதையும் முதன்முதலாக வாகனத்திற் கடந்தனர். அதன்பின் இறைச்சிக்காக வகுத்த வழி உல்லாசப் பயணிகளின் வழியாயிற்று. பாழடைந்த கிணறுகள் சில புதுப்பிக்கப்பட்டன. 33ஆம் கிணற்றின் அருகேயுள்ள குனவரிட்ஜி என்னும் பழங்குடிக் குடியிருப்பு பயணிகளுக்கு எரிபொருள் வழங்கும் இடமாயிற்று.

நிலத்தின் சட்டநிலையும் மாறியது. 2002இல் மார்ட்டு மக்களினதும் 2007இல் ஙுராரா மக்களினதும் பூர்வீக உரிமையை அவுஸ்திரேலிய நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2010இல் கன்பராவிலுள்ள தேசிய நூதனசாலையில் 'யிவாரா குஜூ' என்னும் கண்காட்சி திறக்கப்பட்டது. 'ஒரே பாதை' எனப் பொருள்படும் அக்கண்காட்சியில், 1908ஆம் ஆண்டு ஆணைக்குழு கேளாத தரப்பினரின் வழித்தோன்றல்கள் தம் ஓவியங்களாலும் வாய்மொழியாலும் இப்பாதையின் கதையைத் தாமே கூறினர். ஒரு நூற்றாண்டு பிந்திய சாட்சியம் அது.

இன்று இப்பாதையிற் செல்ல விரும்புவோர் நிலவுரிமையாளரின் அனுமதிப் பத்திரத்தைப் பெறுதல் வேண்டும். சில பயணிகளுக்கு இது வீண் தொல்லையாகத் தோன்றக்கூடும். ஆனால் மேற்கூறிய வரலாற்றை அறிந்தவர்க்கு, அப்பத்திரம் நீர்த்தாங்கியையும் மேலதிகச் சில்லையும் விட முக்கியமானதாகத் தோன்றும். 1906இல் அந்நிலத்தில் நீர் இருக்குமிடத்தைக் கேட்பதற்குச் சங்கிலி பயன்பட்டது. இன்று அதே கேள்வியைக் கேட்குமுன் அனுமதி கேட்கப்படுகின்றது. பாதையின் நீளத்திலும் மணலின் வெப்பத்திலும் மாற்றமில்லை. கேட்கும் முறையே மாறியுள்ளது. அம்மாற்றத்திற்கு ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது என்பதை, பயணத்திற்குத் திட்டமிடுவோர் தம் கணக்கேட்டின் முதற் பக்கத்திலேயே எழுதிக்கொள்வது தகும்.