பெயரைக் கேட்டவர்கள்

1945 ஏப்ரல் 20. பெர்லின் நகருக்குள் சோவியத் பீரங்கிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. முப்பதைத் தாண்டிய ஒரு பத்திரிகையாளர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து எழுத ஆரம்பித்தார். நூலாக வந்த அவருடைய நாட்குறிப்பு ஜூன் 22 வரை போகிறது. பசி, நிலவறையில் கழித்த இரவுகள், குழாயடி வரிசை, திரும்பத் திரும்ப நடந்த வல்லுறவு எல்லாம் அதில் இருக்கின்றன. ஒரே ஓர் அதிகாரியின் ‘பாதுகாப்பில்’ இருந்துவிட்டால் மற்றவர்களிடமிருந்து தப்பலாம் என்று அவர் போட்ட கணக்கும் இருக்கிறது. அழுகை அதிகம் இல்லை, கசப்பான நகைச்சுவை உண்டு. போரிலிருந்து திரும்பிய காதலன் அதைப் புரட்டிப் பார்த்து, வல்லுறவைக் குறிக்க அவர் எழுதியிருந்த சுருக்கெழுத்துக்கு அர்த்தம் கேட்கிறான். பிறகு விலகிப் போகிறான்.

1954இல் அமெரிக்காவில் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது, எழுதியவர் பெயர் இல்லாமல். 1959இல் ஜெனீவாவிலிருந்த ஒரு பதிப்பகம் ஜெர்மன் மூலத்தை வெளியிட்டது. ஜெர்மன் பெண்களின் மானத்தைக் கெடுத்துவிட்டாள் என்று ஏசினார்கள். மானம் போனது வல்லுறவால் அல்லவாம், அதை எழுதியதால்! தான் உயிரோடு இருக்கும்வரை மறுபதிப்பு கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். 2001இல் இறந்தார். 2003இல் ஹான்ஸ் மாக்னுஸ் என்சென்ஸ்பெர்கரின் நூல் வரிசையில் மறுபதிப்பு வந்து நன்றாக விற்றது. அந்தச் செப்டம்பரிலேயே யென்ஸ் பிஸ்கி என்ற பத்திரிகையாளர் அவர் பெயரை வெளியிட்டு, நூலின் நம்பகத்தன்மையையும் கேள்விக்குள்ளாக்கினார்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. தேடினால் கிடைக்கும்.

ஆனால் பிஸ்கியின் கேள்விகளை ஆணாதிக்கம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. எழுதியவர் நாஜி ஆட்சியில் சிறிய அளவில் பிரச்சார எழுத்துவேலை செய்தவர் என்றார் அவர். முதல் பதிப்புக்கு முன்னுரை எழுதிய குர்ட் மாரெக் பிரதியில் எவ்வளவு கை வைத்தார் என்றும் கேட்டார். வரலாறு படிக்கும் எவரும் கேட்க வேண்டியவைதான். என் கோபம் வேறு இடத்தில். மூல நோட்டைக் காட்டு என்று கேட்பது ஒன்று. உன்னை யாரென்று காட்டு என்பது வேறொன்று. தாளும் மையும் சாட்சி சொல்லக்கூடியவற்றுக்குப் பெண்ணின் பெயரை ஏன் இழுக்க வேண்டும்?

தாளும் மையும் பேசும் என்பதற்கு 1983இன் ‘ஹிட்லர் நாட்குறிப்புகள்’ நல்ல உதாரணம். ‘ஸ்டெர்ன்’ இதழ் அவற்றுக்குத் தொண்ணூறு லட்சம் மார்க்குக்கு மேல் கொட்டிக் கொடுத்தது. ட்ரெவர்-ரோப்பர் போன்ற பெரிய வரலாற்றாசிரியரே முதலில் நம்பினார். ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகம் பரிசோதிக்க வைத்தபோது, போருக்குப் பின் புழக்கத்துக்கு வந்த வெண்மையூட்டி தாளில் இருந்தது. புற ஊதா ஒளியில் மின்னியது. ஹிட்லரின் உரைகளைத் தொகுத்த அச்சு நூல் ஒன்றிலிருந்த பிழைகள்கூட அப்படியே நாட்குறிப்பில் ஏறியிருந்தன. கொன்ராட் குயாவ் என்பவரின் கைவேலை.

ஆன் ஃபிராங்க் விஷயம் இதற்கு நேர் எதிர். அந்தச் சிறுமியின் நாட்குறிப்பு போலி என்று யூத வெறுப்பாளர்கள் ஆண்டுக்கணக்கில் கூவினார்கள். அதில் பால்பாயிண்ட் பேனா எழுத்து இருக்கிறது, அந்தப் பேனா போருக்குப் பிறகுதான் பரவலானது என்பது அவர்கள் வாதம். நெதர்லாந்தின் தடய அறிவியல் கூடம் தாள், பசை, மை, கையெழுத்து எல்லாவற்றையும் பரிசோதித்தது. பால்பாயிண்ட் எழுத்து இருந்தது பின்னால் செருகப்பட்ட இரண்டு தனித் தாள்களில். அது ஆனின் கையெழுத்தும் அல்ல. நெதர்லாந்துப் போர் ஆவண நிறுவனம் 1986இல் கொண்டுவந்த பதிப்பு, ஆன் முதலில் எழுதியதையும், 1944இல் அவரே திருத்தி எழுதியதையும், தந்தை தொகுத்து அச்சிட்டதையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தது. திருத்தி எழுதியது மோசடியல்ல, எழுத்தாளராக விரும்பிய ஒரு பெண்ணின் வேலை என்பது அப்போது கண்ணுக்கே தெரிந்தது.

பெர்லின் நாட்குறிப்புக்கு அப்படியொரு பதிப்பு அன்று இல்லை. போர்க்கால நாட்குறிப்புகளைத் திரட்டிய எழுத்தாளர் வால்டர் கெம்போவ்ஸ்கி மூலத்தைப் பார்த்து, உண்மையானதே என்று 2004 தொடக்கத்தில் சொன்னார். பெர்லின் வீழ்ச்சியைப் பற்றி எழுதிய ஆண்டனி பீவரும் தன் ஆய்வில் கண்டவற்றோடு அது ஒத்துப்போகிறது என்று ஆதரித்தார். என்றாலும் மற்ற ஆய்வாளர்கள் நோட்டைத் தொட முடியாதவரை இதெல்லாம் ஒருவரின் வாக்கை இன்னொருவர் நம்பும் கதைதான்.

பின்னர் அவருடைய காகிதங்கள் ம்யூனிக்கிலுள்ள சமகால வரலாற்று நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தன. அங்கே யூலியா ஃபோன் ஸால் என்ற பெண் வரலாற்றாசிரியர் கையெழுத்து நோட்டுகளை அச்சு நூலோடு ஒப்பிட்டு, முடிவுகளை 2019இல் வெளியிட்டார். 1945இல் எழுதிய நோட்டுகள் உண்மை. நூல் அவற்றைவிடப் பெரியது. பல பகுதிகள் பின்னால் விரித்து எழுதப்பட்டவை, சில இடங்களில் பொருளே மாறியிருக்கிறது. ஆகவே ஆய்வுக்கு இந்நூலை மேற்கோள் காட்டும் மாணவி, அந்த வாக்கியம் நோட்டில் உள்ளதா, பிறகு தட்டச்சில் சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 1945 மே மாதத்து நிலவறையைப் பற்றி எழுத நோட்டு வேண்டும். அதைச் சில ஆண்டுகள் கழித்து ஒரு பெண் எப்படிச் சொல்ல நேர்ந்தது, யாருக்காக எதைக் கூட்டினாள் என்று எழுதவோ, அச்சு நூலே மூல ஆவணம்.