ஒலிம்பிக் பதக்கத்துக்குப் பின் பள்ளிக்கூடம்: ஜார்ஜ் போக்

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1904-ஆம் ஆண்டு நடந்த ஒலிம்பிக்கில் 23 வயது கறுப்பின இளைஞர் ஒருவர் இரண்டு வெண்கலப் பதக்கங்களை வென்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் என்று பொதுவாகக் குறிப்பிடப்படுபவர் அவர்தான். பெயர் ஜார்ஜ் கோல்மன் போக்.

போட்டி முடிந்ததும் அவர் ஊர் திரும்பவில்லை. அதே நகரில், கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒதுக்கப்பட்ட ஒரு பள்ளியில் தலைமையாசிரியரானார். பிறகு பத்தாண்டுக் காலத்தை ஒட்டி அந்நகரின் பள்ளிகளிலேயே கழித்தார். பதக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பகுதியை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். உண்மையில் அவருடைய வாழ்க்கையில் பந்தயத்தைவிடப் பள்ளிக்கே பங்கு அதிகம்.

ஜார்ஜ் 1880 நவம்பர் 6-ஆம் நாள் மிசூரி மாநிலத்தின் ஹனிபல் என்ற ஊரில் பிறந்தார். அவருக்கு நான்கு வயது இருக்கும்போது குடும்பம் வடக்கே விஸ்கான்சின் மாநிலத்தின் லா கிராஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. சில ஆண்டுகளில் தந்தை இறந்துவிட்டார். தாயார் அன்னா, ஈஸ்டன் என்ற செல்வந்தக் குடும்பத்தின் வீட்டில் வேலை பார்த்துப் பிள்ளையை வளர்த்தார். துரை வீட்டு வேலை என்றால் என்னவென்று நம் தோட்டப்புற வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

லா கிராஸ் இடைநிலைப்பள்ளியில் ஜார்ஜ்தான் தலைசிறந்த விளையாட்டாளர். ஓட்டம் மட்டுமல்ல, படிப்பிலும் முன்னணியில் நின்றார். 1899-இல் வகுப்பில் இரண்டாம் நிலையில் தேறி, பட்டமளிப்பு நாளன்று வரவேற்புரை ஆற்றும் தகுதியைப் பெற்றார். அந்தப் பள்ளியில் படித்து முடித்த முதல் கறுப்பின மாணவர் அவரே.

அங்கிருந்து மேடிசன் நகரிலுள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்குச் சென்று வரலாறு பயின்றார். ஜார்ஜியா மாநிலத்தில் 1860 முதல் 1900 வரை கறுப்பின மக்களின் பொருளாதார நிலை எப்படி இருந்தது என்பதே அவர் எடுத்துக்கொண்ட ஆய்வுத் தலைப்பு. அடிமை முறை ஒழிந்து நாற்பது ஆண்டுகூட ஆகாத காலம் அது. 1903-இல் பட்டம் பெற்றபின் மேற்படிப்புக்காக மீண்டும் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அப்போது அங்குள்ள காற்பந்துக் குழுவின் உடற்பயிற்சி உதவியாளராக அவரை அமர்த்திக்கொண்டார்கள். (அமெரிக்கர்கள் காற்பந்து என்பது நாம் ஆடும் பந்து அல்ல, கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்.) பயிற்சி கொடுக்கும் வேலையில் அவர் இறங்கியது இங்கேதான்.

1904 ஜூன் மாதம், இன்று 'பிக் டென்' என்று அழைக்கப்படும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் திடல்தடப் போட்டிகளில் 440 கெச ஓட்டத்திலும் 220 கெசத் தடையோட்டத்திலும் வெற்றி பெற்றார். அந்தக் கூட்டமைப்பில் தனிநபர் வெற்றியாளரான முதல் கறுப்பினத்தவர் அவர். அதைத் தொடர்ந்து மில்வாக்கி தடகளக் கழகம் அவரைத் தன் சார்பில் ஒலிம்பிக்குக்கு அனுப்பியது.

செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கை இன்றைய ஒலிம்பிக்போல் எண்ணிக்கொள்ளக் கூடாது. ஒரு பெரிய உலகக் கண்காட்சியின் ஓரமாக நடந்த போட்டி அது. கடல் கடந்து வந்தவர்கள் மிகச் சிலர். ஓடியவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கர்களே. கண்காட்சியில் பிலிப்பீன்ஸ் உள்ளிட்ட பல நாடுகளின் பழங்குடி மக்களைக் கொண்டுவந்து காட்சிப்பொருளாக நிறுத்தியிருந்தார்கள். ஆகஸ்டு 12, 13-ஆம் நாள்களில் அந்த மக்களையே ஓடவும் எறியவும் வைத்து, வெள்ளையரின் அளவுக்கு அவர்களால் முடியவில்லை என்று 'நிரூபித்து'ம் காட்டினார்கள்.

பார்வையாளர் இடங்களிலும் நிறப் பாகுபாடு இருந்தது. அதனால் கறுப்பினத் தலைவர்கள் பலர் போட்டியைப் புறக்கணிக்கும்படி கேட்டுக்கொண்டனர். ஜார்ஜ் ஓடினார். அது சரியா தவறா என்ற கேள்விக்கு அன்று எளிய விடை இல்லை. அவர் ஓடியிராவிட்டால் இன்று இதை எழுத ஒரு பெயர் இருந்திருக்காது. புறக்கணிக்கச் சொன்னவர்களின் கோபத்திலும் நியாயம் இருந்தது.

400 மீட்டர் தடையோட்டத்திலும் 200 மீட்டர் தடையோட்டத்திலும் அவருக்கு மூன்றாம் இடம். இரண்டிலும் முதலில் வந்தவர் ஹேரி ஹில்மன். 400 மீட்டரில் வைத்திருந்த தடைகளின் உயரம் சுமார் 76 சென்டிமீட்டர்தான். வழக்கமான உயரம் 91 சென்டிமீட்டர். 200 மீட்டர் தடையோட்டம் அந்த ஆண்டோடு ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. தடையில்லாத 400 மீட்டர் ஓட்டத்தில் ஜார்ஜ் ஆறாவதாக வந்தார். முதல் மூன்று இடங்களுக்கு முறையே தங்கம், வெள்ளி, வெண்கலம் வழங்கும் வழக்கம் தொடங்கியதும் இந்த ஒலிம்பிக்கில்தான். இதே போட்டிகளில் ஜோசப் ஸ்டாட்லர் என்ற மற்றொரு வீரர், நின்ற நிலையிலிருந்து உயரம் தாண்டுதலில் வெள்ளி வென்றதையும் சொல்லியாக வேண்டும்.

இனிப் பள்ளிக்கு வருவோம். தலைமையாசிரியர் பொறுப்புக்குப் பிறகு ஜார்ஜ், சம்னர் இடைநிலைப்பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். 1875-இல் தொடங்கப்பட்ட இந்தப் பள்ளி, மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே கறுப்பின மாணவர்களுக்காக அமைந்த முதல் இடைநிலைப்பள்ளி. அங்கே ஆங்கிலத் துறையின் தலைவராகவும் உயர்ந்தார். விளையாட்டுக் குழுக்களுக்குப் பயிற்சி அளிக்கவும் துணைநின்றார். அவர் இருந்த காலத்திலேயே, 1910-இல், பள்ளி புதிய கட்டடத்துக்கு மாறியது.

விஸ்கான்சினில் வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து படித்தவர் அவர். மிசூரியிலோ கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் தனித்தனிப் பள்ளிகளில் படிக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். அவரிடம் ஆங்கிலம் பயின்று நன்றாகத் தேறிய மாணவன்கூட மாநிலத்தின் மிசூரி பல்கலைக்கழகத்தில் காலடி வைக்க முடியாது. அந்தப் பல்கலைக்கழகத்தின் கதவு கறுப்பினத்தவருக்குத் திறந்தது 1950-இல். பட்டம் பெற்ற கறுப்பினத்தவருக்கும் வேறு வேலைகள் அரிதாக இருந்ததால், இத்தகைய பள்ளிகளில் நன்கு படித்த ஆசிரியர்கள் கூடினார்கள். சட்டம் செய்த அநியாயத்தில் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுவாக இருக்கலாம். ராக் இசைக் கலைஞர் சக் பெரி, பாடகி டீனா டர்னர், டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷ் ஆகியோர் பிற்காலத்தில் சம்னரில் படித்தவர்களே.

1914-இல் ஜார்ஜ் மினசோட்டா மாநிலத்தில் ஒரு பண்ணை வாங்கினார். ஆசிரியப் பணி அத்துடன் முடிந்தது. 1920-இல் சிகாகோ நகருக்குச் சென்று உணவகத்தில் வேலை பார்த்தார். 1924-இல் அஞ்சலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்த வேலையிலேயே இருந்தார்.

வரலாற்றுப் பட்டதாரி, முன்னாள் தலைமையாசிரியர், ஒலிம்பிக் வீரர் ஒருவர் அஞ்சலக எழுத்தரா என்று இன்று கேட்கத் தோன்றும். அன்றைய சிகாகோவில் இது வியப்பான செய்தி அல்ல. படித்த கறுப்பினத்தவருக்கு நிலையான சம்பளம் தந்த சில இடங்களில் அஞ்சலகமும் ஒன்று. பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட்டும் அந்நகர அஞ்சலகத்தில் வேலை பார்த்தவர்தான்.

ஜார்ஜ் 1962 ஏப்ரல் 11-இல் சிகாகோவில் காலமானார். விஸ்கான்சின் மாநிலம் 1998-இல்தான் தன் விளையாட்டுப் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தது. லா கிராஸ் நகரில், அவர் பள்ளி மாணவராக ஓடிய ஊரில், ஹூட் பூங்கா என்றிருந்த இடத்துக்கு 2013-இல் போக் பூங்கா என்று பெயர் சூட்டினார்கள். சிலை வைக்க மேலும் மூன்று ஆண்டுகள் ஆயின.