காலவரையற்ற சர்க்கரை: லோமே 1975

மொரீஷியஸ் ரூபாய் நோட்டு ஒண்ணு கிடைச்சா உத்துப் பாருங்க, அதுல தமிழ் எழுத்து இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் அங்கே கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் நம்ம ஊர்க்காரங்களும் உண்டு. நூறு வருஷம் கழிச்சு அந்தத் தீவின் சர்க்கரையை ஐரோப்பா எந்த நிபந்தனையில் வாங்கியது என்பதுதான் இந்த எபிசோட்.

1963ல் யாவுண்டே ஒப்பந்தம். ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தோடு 18 ஆப்பிரிக்க நாடுகள், பெரும்பாலும் பிரான்ஸின் பழைய காலனிகள். நாங்க சலுகை தர்றோம், நீங்களும் தரணும் என்பது டீல். 1973ல் பிரிட்டன் உள்ளே வந்ததும் அதன் பழைய காலனிகளுக்கும் ஒரு வழி பண்ண வேண்டியதாச்சு. அப்படித்தான் 28 பிப்ரவரி 1975 அன்று டோகோவின் தலைநகர் லோமேயில் கையெழுத்தானது. ஒரு பக்கம் 9 ஐரோப்பிய நாடுகள், மறுபக்கம் ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகள் 46. இந்த முறை பதில் சலுகை கேட்கவில்லை.

திடீர்னு ஏன் இவ்வளவு தாராளம்? எனக்குத் தெரிந்து, பயம். எண்ணெய் நெருக்கடி முடிந்த கையோடு சர்க்கரையும் எகிறியது. 1974 நவம்பரில் ஒரு பவுண்டு எடை சர்க்கரை உலகச் சந்தையில் 60 அமெரிக்க சென்ட்டைத் தாண்டியது. சரக்கு வராமப் போயிடுமோ என்ற கவலை பிரிட்டனுக்கு.

அதனால் லோமேயோடு ஒரு சர்க்கரை நெறிமுறை சேர்ந்தது: வருஷத்துக்கு சுமார் 13 லட்சம் டன், உத்தரவாத விலையில். சந்தை விலை உச்சத்தில் இருக்கும்போது இதுல போய் மாட்டணுமா? மொரீஷியஸ் மாட்டியது, அதுவும் பெரிய அளவில். சுமார் 5 லட்சம் டன், மற்ற யாரையும் விட அதிகம். மூணே வருஷத்தில் சந்தை விலை 10 சென்ட்டுக்குக் கீழே போனது. உத்தரவாத விலை அப்படியே நின்றது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி ஏற்றுமதி மண்டல ஆடை ஆலைகளுக்குப் போனது. அங்கே தைத்த துணியும் லோமே புண்ணியத்தில் வரியில்லாமல் ஐரோப்பாவுக்குப் போனது.

இதுக்கு ஒரு இருண்ட பக்கமும் உண்டு. அதே ஐரோப்பா தன் பீட்ரூட் சர்க்கரை உபரியை மானியத்தோடு உலகச் சந்தையில் கொட்டி விலையை இறக்கியது. பிரேசில், ஆஸ்திரேலியா, தாய்லாந்து மூன்றும் உலக வர்த்தக நிறுவனத்தில் வழக்குப் போட்டு 2005ல் ஜெயித்தன. ஐரோப்பா தன் சர்க்கரைக் கொள்கையையே மாற்றியது. டன்னுக்கு 523.7 யூரோவாக இருந்த உத்தரவாத விலை 335க்கு இறங்கியது, 36% வெட்டு. வழக்குல மொரீஷியஸ் பிரதிவாதியே இல்லை, ஆனா அடி அதுக்கும்தான்.

நெறிமுறையின் முதல் பிரிவில் 'காலவரையறை இல்லை' என்று இருக்கும். பத்தாவது பிரிவில், இரண்டு வருஷ முன்னறிவிப்பு கொடுத்து விலகலாம் என்று இருக்கும். நம்ம வேலையில் டிப்ரிகேஷன் நோட்டீஸ்னு சொல்வோமே, அதேதான். ஐரோப்பா 2007ல் அந்த நோட்டீஸைக் கொடுத்தது, 2009ல் நெறிமுறை முடிந்தது.

அதற்குள் மொரீஷியஸிடம் ஆடை, சுற்றுலா, வங்கி எல்லாம் இருந்தது. கரீபியத் தீவான செயின்ட் கிட்ஸ், 2005லேயே தன் கடைசிக் கரும்பை வெட்டி முடித்து ஆலையை மூடிவிட்டது.