புத்தலப்பட்டில் பிரியும் இரண்டாவது சாலை

சித்தூரிலிருந்து வருகிறவர்களுக்குப் புத்தலப்பட்டில் சாலை பிரிகிறது. ஒன்று திருப்பதிக்கு; மற்றொன்று பீலேரு வழியாக மதனப்பள்ளிப் பக்கம். நம்மவர்கள் பெரும்பாலும் பெருமாளைப் பார்க்க முதல் சாலையில் போய்விடுவோம். நம் பிள்ளைகளின் படிப்புக்கு வேண்டிய ஒரு சரித்திரம் இரண்டாவது சாலையில் இருக்கிறது.

ஞாயிறுதோறும் நம் சங்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். ஆறு வயதும் பதிமூன்று வயதும் ஒரே கூடத்தில். ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வரும் பையன், "சார், புரியல"ன்னுகூடச் சொல்ல மாட்டான். சும்மா உட்கார்ந்திருப்பான். அப்புறம் வரவே மாட்டான். அப்படி நான் இழந்த பிள்ளைகள் சிலர் உண்டு.

இதே சங்கடம் மதனப்பள்ளிக் குக்கிராமங்களிலும் இருந்தது. ஓராசிரியர் பள்ளி, அறுவடை வந்தால் பிள்ளைகள் வயலில். 1895-இல் மதனப்பள்ளியில் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி தோற்றுவித்தது ரிஷிவேலிப் பள்ளி. அதைச் சேர்ந்த பத்மநாப ராவ், ராமா தம்பதியர் 1980-களின் பிற்பகுதியில் சுற்றுக் கிராமங்களில் சிறு பள்ளிகளைத் தொடங்கினார்கள். (முன்பு ரிஷிவேலியில் ஆசிரியராயிருந்த டேவிட் ஹார்ஸ்பரோ 1972-இல் கோலார் மாவட்டத்து நீல்பாகில் நடத்திய பள்ளி இதற்கு முன்னோடி.)

அவர்கள் செய்தது என்ன தெரியுமா? பாடநூலையே பிரித்து அட்டைகளாக்கினார்கள். அட்டைக்கு அட்டை ஒரு படக்குறி. சுவரில் அந்தக் குறிகள் வரிசையாக உள்ள ஏணி. காலையில் வரும் பிள்ளை, தான் நின்ற படி எது என்று தானே பார்த்து, அட்டையைத் தானே எடுத்து, அதற்குரிய குழுவில் உட்காரும். ஒரு குழுவில் ஆசிரியர் துணை, இன்னொன்றில் மூத்த தோழன் துணை, வேறொன்றில் யாருமில்லை. தேர்வும் ஏணியில் ஒரு படிதான்; வரவில்லையென்றால் 'பெயில்' கிடையாது, பயிற்சிக்கு வேறு அட்டை. பத்து நாள் வராத பிள்ளையும் விட்ட இடத்திலேயே தொடரலாம். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

இந்த ஏணி நம் தமிழகத்துக்கும் வந்தது. எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது, 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007 வாக்கில் 'செயல்வழிக் கற்றல்' என்று மாநிலமெங்கும் பரவியது. அவ்வளவு வேகம் வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். மலையடிவாரத்தில் பல வருஷம் பழகிச் செய்ததை, ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் சில மாதங்களில் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' வந்தது.

நானும் கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் எழுதி, ஒரு சின்ன ஏணி செய்து மாட்டினேன். மாம்பழ சீசனுக்கு ஊர் போன பையன் ஒருத்தன் மூன்று வாரம் கழித்து வந்தான். சுவரைப் பார்த்தான். "சார், நான் கிளியில நிக்கறேன்" என்று அட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

லகர, ளகர, ழகர அட்டைகள்தான் சீக்கிரம் கிழிகின்றன. வீட்டில் பழைய பத்திரிகை அட்டைகள் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள்.